ஒன்பது மணிக்கு அங்கே பத்தரை

நாகப்பட்டினத்தில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நானும் என் தங்கையும். கடற்கரைக்கு ஓய்வெடுக்கப் போவது என்கிற வழக்கம் எங்களுக்கு வெகுநாள் விளங்கவே இல்லை. எங்களுக்குக் கடற்கரை என்றால் மீன் ஏலம் நடக்கிற இடம், வலை காய்கிற இடம், விடியற்காலையில் கூடையோடு ஓடிவரும் பெண்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டிய இடம். அங்கே போய் வெறுமனே படுத்துக் கிடக்கக் காசு கொடுப்பார்கள் என்று சின்ன வயதில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

இந்த மாசியில் நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். நான், தங்கை, அவள் மகன். மூன்று பேருக்கும் மூன்று ஆசை. தங்கை இருபத்தைந்து வருடமாக நர்ஸ். "மூணு நாள் யாரும் என் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாதுக்கா. அந்த மாதிரி ஒரு இடத்துல கொண்டுபோய் விடு" என்றாள். அவள் மகனுக்கு இருபத்திரண்டு வயது. "பெரியம்மா, நம்ம ஊர் ஒம்பது மணிக்குப் படுத்துடுது. ராத்திரி முழுக்க முழிச்சிருக்கிற ஊரை ஒரு தடவை பார்க்கணும்" என்றான். எனக்குக் காடும் மலையும் வேண்டும். தட்டையான டெல்டாவில் வளர்ந்தவளுக்கு மலைமேல் எப்போதும் ஒரு ஏக்கம்.

மூன்றையும் ஒரே கரையில் வைத்திருந்தது தாய்லாந்தின் தென்மேற்கு. நாகையிலிருந்து கிழக்கே கடலில் போய், அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் நடுவே நுழைந்து, சற்றுத் தெற்கே சாய்ந்தால் இந்தக் கரையில்தான் முட்ட வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் அலையடிக்கிற அதே கடலின் மறுபக்கம். புக்கெட் தீவின் இரைச்சலில் தொடங்கி வடக்கே போகப்போக அமைதியாகிக்கொண்டே போவது என்று வழியை வைத்துக்கொண்டோம். மனிதர் பேச்சில் ஆரம்பித்துப் பறவைப் பேச்சில் முடிகிற வழி. இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு நான் துணிந்து சொல்லக்கூடிய யோசனை அது ஒன்றுதான். தலைகீழாகப் போனால் காட்டின் அமைதியை எடுத்துக்கொண்டு போய்க் கடைசியில் கூச்சலில் கொட்டிவிட்டு வர வேண்டியிருக்கும்.

பாதோங்

பாதோங் கடற்கரைக்குச் செங்குத்தாக ஓடுகிறது பாங்லா சாலை. நீளம் அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். அதன்பிறகு அது சாலை இல்லை, விளக்கும் பாட்டும் ஓடுகிற வாய்க்கால். ஒவ்வொரு கடையும் தன் பாட்டைப் பக்கத்துக் கடைப் பாட்டின் மேல் ஏற்றப் பார்க்கிறது. நடுத்தெருவில் நின்றால் தாளம் காது வழியாக வருவதில்லை, நெஞ்செலும்பு வழியாக வருகிறது. திருவிழாவில் மேளக்காரருக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்த அதிர்வு தெரியும். எனக்கு அது பிடித்திருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

பையனுக்குக் கண் இரண்டும் போதவில்லை. வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், பல தேசத்துக் கூட்டம், நம் ஊர்க் குடும்பங்கள், எல்லாரும் ஒரே ஆற்றில் மிதக்கிறார்கள். இறகும் ஜரிகையும் வைத்த உடையில் உயரமாக நாலைந்து திருநங்கைகள் நின்று, கூட நின்று படம் எடுத்துக்கொள்பவர்களிடம் பணம் வாங்குகிறார்கள். அங்கே அவர்களைக் கதோய் என்பார்கள். தங்கை அவர்களில் ஒருவரிடம் போய், செருப்பின் குதிகால் உயரத்தைக் காட்டி, வலிக்காதா என்று சைகையால் கேட்டாள். அவர் சிரித்தபடி சுவரில் சாய்ந்து, ஒரு செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினார். விரல் ஓரத்தில் கொப்புளம் உடைந்திருந்தது. தங்கை கைப்பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து ஒட்டிவிட்டாள். விடுமுறைக்கு வந்தாலும் அவள் பையில் அது இல்லாமல் இருக்காது.

சந்துக்குச் சந்து மசாஜ் கடை. வாசலில் ஒரே நிறச் சட்டையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கூப்பிடுகிறார்கள். எங்களுக்குக் கால் பிடித்துவிட்ட அம்மாளுக்கு என் வயது இருக்கும். கொஞ்சம் ஆங்கிலம் பேசினார். ஊர் எது என்றால் ஈசான் என்றார். தாய்லாந்தின் வடகிழக்கை அப்படித்தான் சொல்கிறார்கள். வீட்டுக்கு ஈசானிய மூலை பார்க்கிற நமக்கு அந்தச் சொல்லைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மழை பொய்க்கிற நெல் வயல் பூமி அது. பிள்ளைகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து பதினோரு வருடம் ஆகிறதாம். எண்ணெய்க் கையோடு கைபேசியை முழங்கையால் நகர்த்தி, பேத்தி படத்தைக் காட்டினார்.

திரும்பும்போது தங்கை சொன்னாள்: "அக்கா, நாம மட்டுந்தான் லீவுல இருக்கோம். இந்த ஊரே டூட்டில இருக்கு."

அந்தப் பேச்சு பயணம் முழுக்க என் கூடவே வந்தது.

நள்ளிரவு தாண்டியும் கூட்டம் குறையவில்லை. தெருமுனைத் தள்ளுவண்டியில் ஒரு முஸ்லிம் இளைஞர் மாவை வீசிக்கொண்டிருந்தார். நம் பரோட்டா மாஸ்டரின் அதே மணிக்கட்டு. ஆனால் உள்ளே வாழைப்பழமும் முட்டையும் வைத்து மடித்து, வெண்ணெயில் பொரித்து, சதுரம் சதுரமாக நறுக்கி, மேலே கட்டிப்பால் ஊற்றுகிறார். பெயர் ரோட்டிதான். சால்னாவைக் கடல் நடுவில் எங்கேயோ தொலைத்துவிட்டு வந்து சேர்ந்த பரோட்டா. பையன் மூன்று தின்றான்.

புக்கெட் பழைய நகரம்

இந்தத் தீவைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். புக்கெட் நகரம் கிழக்குப் பக்கம் இருக்கிறது. அங்கே மணல் கிடையாது, பழைய வீதிகள் உண்டு. மஞ்சளும் வெளிர்நீலமும் பூசிய இரண்டு மாடி வீடுகள். கீழே கடை, மேலே குடித்தனம், முன்னால் தெரு நெடுக வளைவு வளைவாகத் தாழ்வாரம். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துவிடலாம். நம் ஊர்த் திண்ணைகளை இடிக்காமல் ஒன்றோடு ஒன்று சேர்த்திருந்தால் இப்படி ஆகியிருக்கும்.

ஒரு தெருவுக்கு தீபுக் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு வெள்ளீயம் என்று பொருள். ரிசார்ட் வருவதற்கு முன்னால் இந்தத் தீவு வெள்ளீயம் தோண்டிப் பிழைத்த தீவு. சீனத்தின் தெற்கிலிருந்து ஹொக்கியன் மக்கள் கூலிகளாக வந்து இறங்கினார்கள். சிலர் பினாங்கு வழியாக வணிகர்களாக வந்தார்கள். மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்த பள்ளங்கள் இன்று குளங்களாகக் கிடக்கின்றன. சுரங்க முதலாளிகளின் மாளிகைகளில் இப்போது காப்பிக் கடைகள்.

கூலிகள் கொண்டுவந்த சாப்பாடு மட்டும் மாறவில்லை. ஓ-ஏவ் என்று ஒரு பண்டம். ஒருவகை விதையை ஊறவைத்துப் பிசைந்து எடுத்த வழவழப்பை வாழைப்பழச் சாறு சேர்த்து உறையவைத்து, சிவப்புக் காராமணி போட்டு, மேலே பனிக்கட்டிச் சீவலும் பாகும் விடுகிறார்கள். நுங்குக்கும் கடற்பாசிக்கும் நடுவில் ஒரு ருசி. அது தவிர, காலையில் கனோம் சீன்: அரிசி மாவைப் பிழிந்த நூல், அதன்மேல் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்த மீன் குழம்பு, பக்கத்தில் கூடை நிறைய பச்சை இலைகள், ஊறுகாய், வெள்ளரி. இடியாப்பத்துக்குச் சொதி ஊற்றிப் பழகிய கைக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. அதனால்தான் அவ்வளவு பிடித்தது. 2015-இல் யுனெஸ்கோ இந்த ஊரைச் சமையல் கலைக்கான படைப்பு நகரமாக அறிவித்தது. அந்தப் பெருமை நட்சத்திர ஹோட்டல்களுக்கு உரியதில்லை, இந்தத் தாழ்வாரங்களில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற பாட்டிமார்களுக்கு உரியது.

ஒரு சீனக் கோயிலுக்குள் நுழைந்தோம். சுவரில் திருவிழாப் படங்கள். சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் ஊரே புலால் விட்டு, வெள்ளை உடுத்தி விரதம் இருக்கிறது. சாமி வந்தவர்கள் கன்னத்தில் வேல் போலக் கம்பி குத்தி ஊர்வலம் வருகிறார்கள், தீ மிதிக்கிறார்கள். பையன் படத்தருகே போய் நின்று, "அலகு குத்தியிருக்காங்க பெரியம்மா" என்றான். கோயில் பெரியவரிடம் எங்கள் ஊரிலும் உண்டு என்று கன்னத்தில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் உள்ளே போய் மூன்று ஆரஞ்சுப் பழம் எடுத்துவந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

தலாங்

தீவின் நடுப்பகுதியில் சாலைச் சந்திப்பில் இரண்டு பெண்கள் கையில் வாளோடு சிலையாக நிற்கிறார்கள். அக்கா தங்கை. சான், மூக் என்று பெயர். 1785-இல் பர்மியப் படை தீவை முற்றுகையிட்டபோது, ஆளுநராக இருந்த கணவரை அப்போதுதான் இழந்திருந்த சான், தங்கையோடு சேர்ந்து ஊரைத் திரட்டினார். பெண்களுக்கும் ஆண் வேடம் போட்டு, படை பெரிதாகத் தெரியும்படி செய்தார்கள் என்று ஊர் சொல்கிறது. முற்றுகை விலகியது. அரசர் இருவருக்கும் பட்டம் கொடுத்தார். கடந்துபோகிற வண்டிக்காரர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து வணங்கிவிட்டுப் போகிறார்கள். தங்கை சிலைக்குக் கீழே என்னைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னாள். வாள் இல்லாத குறை ஒன்றுதான்.

பக்கத்திலேயே தலாங் தேசிய அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும் ஆளுயரத்துக்கு மேல் கல்லில் ஒரு விஷ்ணு. வடக்கே தகுவா பா பக்கத்துக் காட்டில் கிடைத்தவர், 9-ஆம் நூற்றாண்டுக்காரர். கிரீடமும் தோளும் பார்த்தவுடன் எனக்கு மாமல்லபுரம்தான் ஞாபகம் வந்தது.

அதே தகுவா பா வட்டாரத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. அந்தக் கல் இப்போது கிழக்குக் கரையில் நக்கோன் சி தம்மராத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் வழியில் இல்லை. அதில் இருக்கிற செய்தி சின்னது: நாங்கூரைச் சேர்ந்த ஒருவர் குளம் வெட்டினார். அதற்கு அவனி நாரணம் என்று பெயர். அதை மணிக்கிராமத்தாரும் சேனாமுகத்தாரும் காக்க வேண்டும். அவனி நாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். மணிக்கிராமம் தென்னாட்டு வணிகர் குழு, சேனாமுகத்தார் படையினர். நாங்கூர் எங்கள் பக்கம்தான், சீர்காழிக்கு அருகே. ஈயத்துக்கும் வாசனைப் பொருளுக்கும் வந்த ஒரு கூட்டம், ஊர் திரும்பக் காற்று மாறுகிற வரைக்கும் காத்திருந்த கரையில் ஒரு குளத்தை வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வென்ற ஊராக வருகிற தலைத்தக்கோலம் இந்தப் பக்கம்தான் என்று சொல்கிற வரலாற்று ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அந்தப் படையெடுப்பைவிட இந்தக் குளம் பெரிதாகப்படுகிறது. ஜெயித்த ஊர்ப் பட்டியல் ராஜா பேச்சு. தண்ணீருக்குக் காவல் ஏற்பாடு செய்தது ஊர்க்காரன் பேச்சு.

பங்ஙா விரிகுடா

தீவையும் நிலத்தையும் பிரிக்கிற நீரிணை மெலிந்தது. பாலம் தாண்டிவிட்டோம் என்று தெரிவதற்குள் நிலப்பகுதி வந்துவிடும். அங்கிருந்து பங்ஙா. சதுப்பு மரங்களுக்கு நடுவே நீள்வால் படகு போகிறது. நீண்ட இரும்புத் தண்டின் முனையில் சுழலி வைத்த படகு அது. அதன் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் கேட்காது. பிச்சாவரத்தில் துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கப் போனவர்களுக்கு அதுதான் முதல் வித்தியாசம். இரண்டாவது வித்தியாசம், மரங்கள் விலகியதும் தெரிகிறது. தண்ணீருக்குள்ளிருந்து நேராக மலைகள் எழுகின்றன. அடிவாரம் என்று ஒன்றே இல்லை. சுண்ணாம்புக் கல், மழையும் கடலும் கோடிக்கணக்கான வருடங்களாகக் கரைத்துக் குடைந்தது. தலையில் புதர், இடுப்பில் மெழுகு வழிந்தது போலக் கல்விழுதுகள், காலடியை அலை அரித்து உள்வாங்கிய குழிவு. அத்தனை மலையும் ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

ஆணி அடித்தது போல நிற்கிற கோ தாபு பாறைக்கு 1974-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் புகழ் தேடிக்கொடுத்தது. கூட்டமும் அப்படித்தான் வந்தது. இப்போது படகுகளை அதன் பக்கத்தில் விடுவதில்லை. தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும், அது நல்லது. இன்னும் தெற்கே பி பி தீவில் மாயா விரிகுடாவை 2018-இல் முழுவதுமாக மூடிவிட்டார்கள். ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம் அதன் பவளத்தை மிதித்தும், நங்கூரம் இறக்கியும் சாகடித்திருந்தது. மூன்றரை வருடம் யாரையும் விடாமல் வைத்து, 2022-இல் கட்டுப்பாட்டோடு திறந்தார்கள். இடையில் சுறாக்குட்டிகள் கரையோரம் திரும்பி வந்துவிட்டன. சம்பாதித்துக் கொடுக்கிற இடத்தைச் சம்பாத்தியத்தை விட்டுக்கொடுத்து மூடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். நம் ஊர் மலைவாசத் தலங்களை நினைத்துக்கொண்டேன்.

மதியம் கோ பன்யீ. ஒரு பெரிய பாறை, அதன் முன்னால் தண்ணீருக்கு மேல் கால் நட்டு நிற்கிற ஊர். ஜாவாவிலிருந்து வந்த முஸ்லிம் மீனவர்கள் 18-ஆம் நூற்றாண்டில் குடியேறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். பள்ளிவாசல் மட்டும் பாறை மண்ணை ஒட்டி நிற்கிறது. பொன்னிறக் குவிமாடத்தைத் தூரத்திலேயே பார்த்த தங்கை, "நாகூர் மாதிரி, கடல்ல இருந்து பார்க்கிறப்ப முதல்ல அதுதான் தெரியுது" என்றாள்.

படகுகள் வந்து நிற்கிற முன்பக்கம் முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். நாங்கள் சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் நடந்தோம். அங்கே ஊர் இருந்தது. பலகைச் சந்து, பலகை இடுக்கில் கீழே பச்சைத் தண்ணீர், வாசலில் தட்டு தட்டாகக் காய்கிற சென்னாக்கூனி. அதை இடித்து உப்போடு புளிக்க வைத்தால் கப்பி. இந்தக் கரையின் சமையலுக்கு அதுதான் அஸ்திவாரம். அந்த வாடை எங்கள் இருவரையும் நாற்பது வருடம் பின்னால் தள்ளிவிட்டது. காயவைத்துக்கொண்டிருந்த பெண்மணியின் பக்கத்தில் தங்கை குந்தி உட்கார்ந்து, தட்டில் கலந்திருந்த சிறு நண்டுகளைப் பொறுக்கிப்போட ஆரம்பித்தாள். அந்த அம்மாள் தடுக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

பையன் மிதக்கும் கால்பந்துத் திடலில் கிடந்தான். 1986 உலகக் கோப்பையைத் தொலைக்காட்சியில் பார்த்த சிறுவர்கள், விளையாட நிலம் இல்லாமல், பழைய பலகைகளைச் சேர்த்துக்கட்டித் தண்ணீரின் மேலேயே திடல் அமைத்தார்கள். பந்து கடலில் விழுந்தால் குதித்துத்தான் எடுக்க வேண்டும். அந்த அணி பிறகு ஊர் தாண்டிப் போட்டிகளுக்குப் போய் வெற்றிகளும் கண்டது. பையன் நனைந்த சட்டையோடு வந்தான். மூன்று கோல் வாங்கியிருந்தான்.

காவ் லாக்

வடக்கே போகப்போக விளக்குகள் குறைந்தன. காவ் லாக்கில் கடற்கரை நீளம், அலை மெது, ரிசார்ட்டுகள் தென்னைக்குள் ஒளிந்திருக்கின்றன. தங்கை கேட்ட இடம் இதுதான். வெள்ளை விரிப்பு, ஜன்னலுக்கு வெளியே செம்பருத்தி வேலி, அதற்கு அப்பால் கடல். அவள் மறுநாள் காலை நாலரை மணிக்கு எழுந்துவிட்டாள். உடம்பில் இருபத்தைந்து வருட டூட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் எழுந்து தேடிப்போனபோது வராந்தாவில் அறை சுத்தம் செய்யும் பெண்ணோடு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் வட்டமாகத் தனக்கா என்கிற மரப்பட்டைக் குழம்பு பூசிய பர்மியப் பெண். இந்தக் கரையில் கட்டடம் கட்டுவதும் படுக்கை மாற்றுவதும் படகில் வலை இழுப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். இருவருக்கும் பொது மொழி கிடையாது. விரிப்பின் மூலையை மடிக்கிற முறையை ஒருவருக்கொருவர் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி மடிப்பு ஒரு மாதிரி, ரிசார்ட் மடிப்பு ஒரு மாதிரி. ரிசார்ட் மடிப்புதான் உறுதியாக நின்றது என்று பிறகு தங்கை ஒத்துக்கொண்டாள்.

சாலைக்கு உள்பக்கம், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, புல்வெளியில் ஒரு காவல் ரோந்துப் படகு நிற்கிறது. 813 என்று எண். 2004 டிசம்பர் 26 அன்று கடலில் ஜெட் ஸ்கீ ஓட்டிக்கொண்டிருந்த மன்னரின் பேரனுக்குக் காவலாக நின்ற படகு. அவருக்கு அப்போது 21 வயது. அவர் பிழைக்கவில்லை. படகைச் சுனாமி அலை தூக்கிவந்து இங்கே வைத்தது. அதைக் கடலுக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை.

இன்னும் வடக்கே பான் நாம் கெம். மீனவ ஊர். சுனாமி நினைவிடத்தில் அலை சுருண்டு வருவது போல ஒரு சிமென்ட் சுவர், எதிரே பெயர்கள் பதித்த சுவர், நடுவில் நடைபாதை. நடக்கிறபோது நாம் அலைக்குள் இருக்கிறோம். கொஞ்சம் தள்ளிக் கடல், எந்தப் பாவமும் அறியாதது போல.

தாய்லாந்தில் அன்று இறந்தவர்கள் 5,000-க்கும் மேல். ஏறக்குறைய பாதிப் பேர் விடுமுறைக்கு வந்த வெளிநாட்டவர்கள். எங்கள் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல். இந்தக் கரையில் கடல் முதலில் பின்வாங்கியது. துள்ளுகிற மீனைப் பார்க்க ஆட்கள் உள்ளே நடந்தார்கள். நம் கரைக்கு முதலில் எழும்பியே வந்தது. நிலநடுக்கக் கோட்டுக்கு ஒரு பக்கம் கடல்தளம் உயர்ந்தது, மறுபக்கம் தாழ்ந்தது. அதுதான் காரணம். சூரின் தீவுகளில் இருக்கிற மோக்கன் என்னும் கடலோடி மக்கள், கடல் வற்றியதைப் பார்த்ததும் பாட்டன் சொன்ன கதையை நினைத்து மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். அங்கே எச்சரிக்கை செய்ய வேறு எதுவும் இருக்கவில்லை.

தங்கை சுவரைத் தொட்டபடியே நடந்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இங்க எத்தனை மணிக்கு வந்துச்சு?" என்று கேட்டாள். பத்து, பத்தரை என்றேன். நம் நேரத்துக்கும் இவர்கள் நேரத்துக்கும் ஒன்றரை மணி வித்தியாசம். அவள் கணக்குப் போட்டாள். "அப்ப நமக்கு ஒம்பது." நாகைக்குத் தண்ணீர் வந்ததும் ஒன்பது வாக்கில்தான். ஒரே வேளையில் இரண்டு கரையிலும்.

அன்றைக்கு அவள் டூட்டியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அங்கே ஒரு மரத்தடியில் இளநீர் விற்பவரின் பெஞ்சில் உட்கார்ந்து தன் மகனிடம் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை. தகுவா பாவில் யான் யாவ் கோயில் வளாகத்தில்தான் உடல்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள், தடயவியல் மருத்துவர் போர்ன்திப் ரோஜனசுனான் தலைமையில் அடையாளம் காணும் வேலை அங்கே நடந்தது என்று நான் படித்ததைச் சொன்னபோது, "அவங்களுக்குக் குளிர்ப்பெட்டி எப்ப வந்துச்சாம்?" என்று மட்டும் கேட்டாள்.

இளநீர்க்காரர் வழுக்கையைச் சுரண்டிக் கொடுத்தார். காசு வாங்கிக்கொண்டு, கடல் பக்கம் கையைக் காட்டி, பிறகு தன்னைக் காட்டி, நான்கு விரலை மடக்கினார். மனைவியா, பிள்ளைகளா, கேட்கவில்லை. தங்கை தன் பக்கத்துக் கடலைக் காட்டினாள். மேற்கே. அவருக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

சியாவ் லான் ஏரி

தகுவா பாவிலிருந்து சாலை கிழக்கே திரும்பி மலை ஏறுகிறது. காவ் சொக் தேசியப் பூங்கா. மழைக்காடு என்று புத்தகத்தில் படித்ததை அன்றுதான் உடம்பால் தெரிந்துகொண்டேன். காற்றையே பிழிந்து குடிக்கலாம் போல ஈரம். வழிச் சாப்பாட்டில் கேங் சோம் என்கிற மஞ்சள் புளிக்குழம்பு, கூடவே முட்டை போட்டு வதக்கிய லியாங் கீரை. அந்தக் குழம்பின் காரத்துக்கு ஆந்திராவும் பணிய வேண்டும்.

காட்டின் நடுவே 94 மீட்டர் உயர அணை. 1987-இல் முடித்தார்கள். தேங்கிய தண்ணீரில் பங்ஙாவில் பார்த்த அதே சுண்ணாம்பு மலைகள், ஆனால் இங்கே நன்னீரில், ஆட்களின்றி. பட்ட மரங்களின் நுனிகள் இன்னும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அழகு என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக முடியாத இடம். தண்ணீர் ஏறியபோது குன்றுகள் தீவுகளாகின. அவற்றில் விலங்குகள் மாட்டிக்கொண்டன. சூப் நாகாசத்தியன் என்ற வனத்துறை அதிகாரி சிறு குழுவோடு படகில் போய் 1,300-க்கும் மேற்பட்ட விலங்குகளைப் பிடித்துக் கரை சேர்த்தார். பிடிபட்டவற்றிலும் பல பிழைக்கவில்லை. காட்டை மூழ்கடித்துவிட்டு விலங்கைக் காப்பாற்ற முடியாது என்பதை அந்த வேலை அவருக்குக் காட்டிவிட்டது. அதன்பிறகு அடுத்த அணைத் திட்டத்தை எதிர்த்துத் தரவுகளோடு நின்றார். அது கைவிடப்பட்டது. 1990 செப்டம்பர் 1 அன்று, தான் காவல் பொறுப்பில் இருந்த ஹுவாய் கா கேங் சரணாலயத்தில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அந்தக் காடு உலகப் பாரம்பரியச் சின்னமானது. இந்த ஏரிக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் அவர் பெயரையும் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பது என் ஆசை.

படகுக்காரர் ஓரிடத்தில் எஞ்சினை நிறுத்தினார். கீழே காட்டி, பாட்டி வீடு என்றார். பையன் எட்டிப் பார்த்தான். பச்சை. அதற்குக் கீழும் பச்சை. வீடு, பலா, ரப்பர், பள்ளிக்கூடம் என்று அவர் வரிசையாகச் சொல்ல, பையன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். தெரிந்த ஊரைக் கேட்பது போல.

இரவுக்குத் தெப்ப வீடு. மூங்கில் தட்டி, பாய், கொசுவலை. பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள். பாங்லா சாலையிலிருந்து ஆறே நாளில் இங்கே வந்திருக்கிறோம். பையன் தெப்பத்தின் விளிம்பில் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தான். தூங்கவில்லையா என்றேன். "முழிச்சிருக்கிற ஊர்தானே கேட்டேன் பெரியம்மா. இதுவும் முழிச்சுத்தான் இருக்கு" என்றான். காடு முழுக்கப் பூச்சிச் சத்தம். நடுநடுவே தண்ணீரில் ஏதோ புரண்டது.

விடியலில் மலைக்கு மலை கிப்பன் குரங்குகள் கூவின. அடித்தொண்டையில் ஆரம்பித்து உச்சிக்கு ஏறி ஒடிகிற கூவல். ஒன்று முடிக்க எதிர் மலையில் மற்றொன்று எடுத்துக்கொண்டது. பனி தண்ணீரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தங்கையை எழுப்பப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மணி ஆறு. பிறகு ஏழு. பிறகு எட்டு.

சமையல்கார அம்மாள் மூன்று தட்டில் முட்டைச் சோறு கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது தட்டைக் காட்டி, கூப்பிட வேண்டும், பெயர் என்ன என்று கேட்டார். நான் வேண்டாம் என்று கையாட்டினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டுப் போனார்.